டாக் வாக்கர் வேலையா? முதலில் பாதையைப் பிடியுங்கள்

சென்னையின் மேற்கே முகப்பேரிலிருந்து பூந்தமல்லி வரை அடுக்குமாடிகள் எழ எழ, அவற்றுக்குள் லாப்ரடாரும் ஷிட்சூவும் பெருகிவிட்டன. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் காலையும் மாலையும் நாயை வெளியே கூட்டிப்போக ஆள் தேடுகிறார்கள். கல்லூரி மாணவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று யார் வேண்டுமானாலும் பகுதிநேரமாகச் செய்யக்கூடிய வேலை. "எனக்கு நாய்னா உயிர்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். ஆனால் நாயின் உரிமையாளருக்கும் அதே பாசம் உண்டே! அவரிடம் இல்லாதவை நேரமும், எந்த வழியில் போனால் வம்பில்லை என்ற விவரமும்தான். அந்த விவரத்துக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஆகவே வேலை கேட்கப் போகும் முன் உங்கள் பேட்டையை நாய் இல்லாமல் ஒரு வாரம் நடந்து பாருங்கள். எந்த முனையில் தெருநாய்க் கூட்டம் நிற்கிறது, யார் அதற்குச் சோறு வைக்கிறார், எத்தனை மணிக்கு வைக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சோறு வைக்கும் நேரத்தில் அந்த வழியே புது நாயோடு போனால் சண்டை உறுதி. அரை மணி நேரம் தள்ளிப் போனால் அதே கூட்டம் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட் சாலைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அகலமாகவும் காலியாகவும் கிடக்கும். ஆசை வரும். ஆனால் லேத் பட்டறைகளிலிருந்து சிதறும் இரும்புச் சுருள் சாலையோரத்தில் கிடந்தால் நாயின் பாதத்தைக் கிழித்துவிடும். கம்பெனி வாசல்களில் வாட்ச்மேன்கள் வளர்க்கும் நாய்கள் வேறு, தங்கள் எல்லையை விட்டுக்கொடுக்காது. நடுச்சாலையிலேயே போங்கள், ஓரம் வேண்டாம். வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடு பார்க்க நன்றாக இருக்கும். லாரி, புழுதி, ஹாரன். அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஆவடியில் பாதுகாப்புத் துறை நிலங்களின் மதிலோரம் மரநிழல் இருக்கும். அறிவிப்புப் பலகை உள்ள இடத்தில் நின்று படம் எடுப்பது, குறுக்கு வழி தேடுவது எல்லாம் கூடாது.

நல்ல நடை இந்தப் பக்கத்தில் ஏரிகளை ஒட்டித்தான் இருக்கிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கம். பருத்திப்பட்டு ஏரிக்கரை 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இப்படிப் பூங்காவான இடங்களில் நாயை விடுவார்களா என்பதை வாசலில் இருப்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாயோடு போய் வாக்குவாதம் செய்து திரும்புவது தொழிலுக்கு அழகல்ல. செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு கொண்ட குடிநீர் ஏரி. நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள். மழைக்காலத்தில் உபரிநீர் திறக்கும் செய்தி வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏரிக்கரையில் மூன்று ஆபத்துகள் உண்டு. முதலாவது சீமைக் கருவேல முள். நடை முடிந்ததும் நான்கு பாதங்களையும் விரல் இடுக்கு வரை தடவிப் பாருங்கள். இரண்டாவது கண்ணாடி விரியன். புதருக்குள் மூக்கை நுழைக்கும் நாய்க்கு மூஞ்சியில்தான் கடி விழும். அதனால் நீளும் கயிறு வேண்டாம், ஆறடி லீஷ் போதும். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது: எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரிலிருந்து வரும் எலிக்காய்ச்சல். நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். காலில் புண்ணோடு செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்காதீர்கள். நாய்க்கு எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மருத்துவக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுக்கும் வீட்டு வேலையை விட்டுவிடுங்கள். உண்ணி பார்ப்பதும் உங்கள் வேலைதான். காதுமடல், கழுத்துப்பட்டைக்கு அடியில்.

வார இறுதியில் நீண்ட நடைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னால் கூடுதலாகக் கேட்கலாம். இங்கே கவனம். காடு என்றாலே நாயோடு போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் செல்ல நாய்க்கு இடமில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது: 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, நாய்களிடம் பரவலாகக் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் கண்டறியப்பட்டது. திருவள்ளூர் தாண்டிப் பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைகள் கற்கால மனிதர்கள் நடமாடிய பகுதி. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று. வனத்துறை அனுமதியோடு மனிதர்கள் போகும் பாதை அது. நாயைக் கூட்டிப்போகலாம் என்று அவர்களே எழுத்தில் சொன்னாலொழிய வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அதைவிட, வயல் வரப்பும் தோப்பும் உள்ள தெரிந்தவர் நிலம் ஒன்றைத் திருவள்ளூர்ப் பக்கம் பிடித்து வைப்பது புத்திசாலித்தனம். மெட்ரோவில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஆகவே வண்டிச் செலவையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சட்டம் கொஞ்சம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். அங்கே செல்லப்பிராணிக்கு உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்தார்கள். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. அங்கேயும் பூந்தமல்லியிலும் இருப்பவர்கள் அவரவர் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பக்கத்துப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்த பிறகு, பெரிய நாயைப் பார்த்தாலே மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. வாய்மூடியும் லீஷும் இல்லாமல் பெரிய நாயை வெளியே எடுக்காதீர்கள். கழிவை அள்ளப் பை எடுத்துப் போங்கள். அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில் உங்கள் பெயர் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். தினமும் நாய்களோடு பழகுபவர்கள் கடிபடும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது, மருத்துவரைக் கேளுங்கள். அப்படிப் போட்டிருந்தாலும், கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கூலியை நடைக்கு இவ்வளவு என்று பேசாமல் மாதத்துக்குப் பேசுங்கள். மழை நாளில் வருமானம் நிற்காது. நாய்க்கு அவசரம் என்றால் எந்த மருத்துவரிடம் போவது, செலவு யாருடையது, வீட்டுச் சாவி யாரிடம் என்பதை வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு நாள் உரிமையாளரும் கூட வரட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள். மே மாதத்தில் காலை ஏழு மணிக்குள் நடை முடிய வேண்டும். மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு நொடி பொறுக்க முடிந்தால்தான் நாயை இறக்க வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெயில் உயிருக்கே ஆபத்து. "லஞ்ச் டயத்துல வாங்க தம்பி, கொஞ்ச நேரம்தானே" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லுங்கள். அந்த வீடு போனால் போகட்டும்.