தோற்கும் அணியை விட்டுவிடலாமா?



"நம் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. இனியும் ஆட்டம் பார்க்கப் போகலாமா?" என்று வாலிபர் கேட்கிறார்கள். 2025-ம் ஆண்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 14 ஆட்டங்களில் 4-ல் மாத்திரம் வென்று, 10 அணிகளுள் முதன்முறையாகக் கடைசி இடத்துக்கு இறங்கியது. சொந்த மைதானமாகிய சேப்பாக்கத்திலேயே அடுத்தடுத்து 5 ஆட்டங்களில் தோற்றது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க்கில் இறங்கி, பறக்கும் ரயில் மாறிச் சேப்பாக்கம் போய், நடுநிசியில் வாடிய முகத்தோடு வீடு திரும்பும் பிள்ளைகளின் கேள்வி இது. அற்பமென்று தள்ளலாகாது.

முதலாவது, போகாமலிருப்பது குற்றமா? இல்லை. எந்த அணிக்கும் நாம் வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. டிக்கெட் பணம் வீட்டுச் செலவில் கை வைக்குமானால் போகாதிருப்பதே புத்தி. அணி ஜெயிக்கிற காலத்திலும் அப்படியே. ஆட்டத்துக்காக ஞாயிறு பூசையைத் தவறவிடுவது எக்காலமும் தகாது.

இரண்டாவது, தோல்வியைப் பார்க்கப் போவது வீணா? அதுவுமில்லை. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, இதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம் முடிவுக்கு வந்தது. இந்தியாவுக்கு வேண்டியது 271 ரன். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 ரன் எடுத்து ஆட்டமிழந்தபோது, இன்னும் 17 ரன்தான் பாக்கி. ஆனால் மீதி விக்கெட்டுகள் சரிந்து, 12 ரன்னில் தோற்றோம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரருக்குக் கைதட்டினார்கள். மூன்றாண்டுக்கு முன், 1996-ல், கல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா தோற்கும்போது, கூட்டத்தில் சிலர் பாட்டில்களை வீசித் தீ மூட்டினார்கள். ஆட்டம் பாதியில் நின்று, இலங்கை வென்றதாகத் தீர்ப்பாயிற்று. இரண்டிடத்திலும் தோல்வி ஒன்றே, மனம் வேறு.

ஆகையால் போவதா, இருப்பதா என்பதைவிட, எந்த மனதோடு என்பதே முக்கியம். வெற்றியை விலைக்கு வாங்கப் போகிறவன் தோல்வியில் வீரனை ஏசுவான். விளையாட்டையும் வீரரையும் நேசிக்கிறவன், வருத்தப்பட்டாலும் வாயைக் காப்பான்.

இப்பாடம் மைதானத்தோடு முடிகிறதில்லை. பரீட்சையில் தவறிய மகனையும், வேலை இழந்த தகப்பனையும் நாம் எப்படி நடத்துகிறோம்? ஜெயிக்கிறவனோடு மாத்திரம் நிற்கப் பழகியவன் வீட்டிலும் அப்படியே நடப்பான். நமது திவ்விய இரட்சகர் பிடிபட்ட இரவில் சீடர்கள் ஓடிப்போனார்கள். தேவமாதாவும் சில ஸ்திரீகளும் அர்ச். அருளப்பரும் சிலுவையடியில் நின்றார்கள். அவ்வேளையில் வெற்றியின் அடையாளம் ஒன்றும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆயினும் நின்றார்கள். விளையாட்டு அதற்கு ஈடல்ல. ஆனால் சிறியதில் பழகிய நிலைமை பெரியதில் கைகொடுக்கும்.

வீட்டில் இந்த வாரம் யோசிக்க:

1. தோற்றவர்களைப் பிள்ளைகள் கேட்க நாம் ஏசுகிறோமா?

2. நம் குடும்பத்தில், உறவில், தெருவில் இப்போது தோற்று நிற்பவர் யார்? இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் வருவோமா?