மேட்டூர் தேதியை நம்பியிருக்கும் மருமகனுக்கு



மாமன் எழுதுவது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் இந்த வருஷம் நிலம் தரிசு என்று உன் அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டாயாம். இந்தப் பிடிவாதம் கடைமடை விவசாயிக்கு ஆகாது.

அந்தத் தேதி எப்படியெல்லாம் நகர்ந்திருக்கிறது என்று பார். 2012-ல் சம்பாவுக்கென்று செப்டம்பர் 17-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே தண்ணீர் வந்தது. 2024-ல் ஜூலை 28. அணையில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து நம் வாய்க்காலுக்கு வருவது தனிக் கணக்கு. ஒரே தேதியைக் கட்டிக்கொண்டு எப்படி வெள்ளாமை பண்ணுவாய்?

அதற்காக எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம் என்று நினைத்துவிடாதே. பயிரின் வயதும் ஐப்பசி மழையும் நமக்காக வளையமாட்டா. நாம்தான் அவற்றுக்கேற்ப வளைய வேண்டும். குறுவை ரகம் 110 நாள். ஜூலைக் கடைசியில் விதைத்தால் அறுப்பு கொட்டும் மழையில் மாட்டும். அப்படியானால் குறுவையை மனசார விட்டுவிட்டு ஒருபோகச் சம்பாவுக்குப் போ. சி.ஆர். 1009 ரகம் நூற்றைம்பது நாளுக்கு மேல் ஓடும், ஆகஸ்டில் விதைத்தால் சரியாக வரும். செப்டம்பர் கடைசி வரை இழுத்துவிட்டால் அதையும் விடு. வழக்கப்படி ஜனவரி 28-ல் அணையை மூடிவிடுவார்கள், பால் பிடிக்கும் நேரத்தில் வயல் காயும். அப்போது 125, 135 நாளில் வரும் ஆடுதுறை 39, ஆடுதுறை 46 போன்ற ரகம்தான் கைகொடுக்கும்.

முறையையும் மாற்றிக்கொள்ளலாம். கோடை மழையில் உழுது போட்டிருந்தால், வாய்க்காலில் தண்ணீர் வருமுன்பே நேரடியாக விதைத்துவிடலாம். நாற்றங்காலும் வேண்டாம், நடவுச் செலவும் இல்லை. ஆனால் களை மண்டும். மிச்சமாகும் நடவுக் கூலியில் ஒரு பங்கைக் களையெடுக்க இப்போதே ஒதுக்கி வை. நடவுதான் என்றால், போர்வெல் வைத்திருப்பவரோடு பேசி, நாலு பேர் சேர்ந்து சமுதாய நாற்றங்கால் விடுங்கள். தண்ணீர் வந்த பிறகு நாற்றுக்கு அலைகிறவன் எப்போதும் பிந்தித்தான் நடுவான். முன்னேற்பாடு இருப்பவனால்தான் கடைசி நேரத்தில் மாற முடியும், இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

நடவுக்கு வரும் பெண்களிடம் நடந்துகொள்வதிலும் இந்த வளைந்துகொடுக்கும் குணம் உனக்கு இருக்கட்டும். ஒரு நாள் தள்ளி வருகிறோம் என்றால் சரி என்று சொல். நாற்று ஒரு நாள் தாங்கும். அவர்கள் வீட்டிலும் காய்ச்சல் வரும், விசேஷம் வரும். கூலியை மட்டும் அன்றன்றைக்கே கையில் கொடுத்துவிடு, அதில் ஒரு நாள்கூடத் தள்ளாதே.

நிலத்தைத் தரிசு போடும் பேச்சை இதோடு விடு. இந்த வாரமே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போ. குறுவைக்கு என்ன விதை இருக்கிறது, சம்பாவுக்கு எப்போது வரும் என்று இரண்டையும் கேட்டு எனக்கு எழுது. பணம் குறைந்தால் சொல், மாமன் இருக்கிறேன்.