உலாவி மாறினா தட்டுமுட்டுச் சாமானும் மாறணுமா?



இந்த மாதக் கணினிப் பகுதிக்கு நான் எழுதும் பாடம், உலாவி மாற்றுவது பற்றி. உலாவி என்றால் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். நாம பிரவுசர்னு சொல்றோமே, அதேதான். குரோம், பயர்பாக்ஸ் எல்லாம் உலாவிகள். உலாவியில் இல்லாத ஒரு வசதியைப் பிறகு சேர்த்துக்கொள்ள உதவும் சின்ன மென்பொருளுக்கு ஆட்-ஆன் என்று பெயர். தமிழில் துணைநிரல் அல்லது நீட்சி.

வீடு மாறின கதை

மூணு வருசத்துக்கு முன்னாடி நாங்க வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு வீடு மாறி வந்தோம். பழைய வீட்டில் பரண் இருந்தது, துணி காயப்போடக் கொடி இருந்தது. இங்கே ரெண்டும் இல்லை. அம்மா வந்த அன்னைக்கே கடைக்கு ஓடலை. ஒரு வாரம் இருந்து பார்த்துட்டு, எது இல்லாம முடியவே முடியாதோ அதை மட்டும் வாங்கினாங்க. உலாவி மாறும்போதும் இதுதான் முறை. எனக்கு அது பட்ட பிறகுதான் புரிஞ்சது.

ஏன் மாறினேன்?

எங்க வீட்டில் இருப்பது மாமா 2012-ல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். விண்டோஸ் 7 உள்ளது. பேட்டரி போயிருச்சு, சார்ஜர் சொருகினால்தான் ஓடும். விண்டோஸ் 7-க்கு குரோமின் புதுப்பதிப்பு வருவது 2023-ல் நின்றுபோனது. 109-தான் கடைசி. புதுப்பதிப்பு வராத உலாவி, தாழ்ப்பாள் துருப்பிடிச்ச கதவு மாதிரி. பயர்பாக்ஸிலும் விண்டோஸ் 7-க்கு 115-தான் கடைசி (2023 ஜூலை). ஆனால் அந்தப் பதிப்புக்கு மட்டும் அதன் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. அதனால் போன கோடை லீவில் பயர்பாக்ஸுக்கு மாறினேன்.

நான் செய்த தப்பு

அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். கடன் கேட்டு வங்கிக்கு ஒரு கடிதம், திங்கட்கிழமை கொடுக்கணும். நான் டைப் பண்ணித் தர்றேன்னு சொல்லியிருந்தேன். குரோமில் கூகுள் இன்புட் டூல்ஸ் என்ற ஆட்-ஆன் இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக விழும். பயர்பாக்ஸில் அது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அதைக் கவனிச்சேன்.

பதற்றத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்டதைப் போட்டுட்டேன். அது கேட்ட அனுமதியைப் படிக்காமலே சரி கொடுத்தேன். தமிழ் வரலை. முகப்புப் பக்கம் மாறிருச்சு, தொட்ட இடமெல்லாம் விளம்பரம். மாமா வந்து பார்த்துட்டு, "பாப்பா, எல்லாத் தளத்திலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டிருக்கு, நீ குடுத்திருக்க. நீ அடிக்கிற பாஸ்வேர்டும் அதுக்குத் தெரியும்" என்றார். அம்மாவின் மெயில் அதே உலாவியில்தான் திறந்திருந்தது! உடனே அந்த ஆட்-ஆனை நீக்கிட்டு, போனில் கடவுச்சொல்லை மாத்தினோம். நல்லவேளை, ஒண்ணும் போகலை. ஆனால் கடிதத்தை அம்மா ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து பேனாவால் எழுதினாங்க. என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு அழுகையா வந்தது.

சரியான முறை

மறுநாள் மாமா ஒரு தாளில் கோடு போட்டார். "பழைய உலாவியில் நீ தினமும் எதைப் பயன்படுத்தினே? எழுது" என்றார். ஐந்துதான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்டோம். புது உலாவியிலேயே இருக்கிறதா? கணினியில் வைக்கலாமா? இரண்டும் இல்லையென்றால்தான் ஆட்-ஆன்.

1. புக்மார்க்குகள்: பயர்பாக்ஸில் இறக்குமதி வசதி உண்டு. குரோமில் இருந்ததை அதுவே எடுத்துக்கொண்டது.

2. கடவுச்சொற்கள்: இவையும் அதே வழியில் வந்தன.

3. விளம்பரம் இல்லாமல் பாடம் படிப்பது: முகவரிப் பட்டையில் தாள் போன்ற ஒரு படம் வரும். அதை அழுத்தினால் எழுத்தும் படமும் மட்டும் நிற்கும். இது உள்ளேயே இருக்கிறது.

4. தமிழில் தட்டச்சு: கணினியில் என்.எச்.எம். ரைட்டர் நிறுவினோம். இ-கலப்பையும் இதே வேலையைச் செய்யும். இரண்டும் இலவசம்.

5. ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்ப்பது: 115-இல் இல்லை. இதற்கு மட்டும் ஒரு ஆட்-ஆன் போட்டோம்.

ஐந்தில் ஆட்-ஆன் தேவைப்பட்டது ஒன்றுக்குத்தான்!

நாலாவதைக் கவனியுங்கள். தட்டச்சு உலாவிக்குள் இருந்தால் உலாவியோடு போய்விடும். கணினியில் இருந்தால் எந்த உலாவியிலும் வரும், நோட்பேடிலும் வரும்.

வசதி ஏன் காணாமல் போகிறது?

பயர்பாக்ஸ் 1.0 வந்தது 2004 நவம்பர் 9. பயர்பாக்ஸில் தமிழ் தட்டச்சுக்குத் தமிழ் விசை என்ற நீட்சி இருந்தது. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்தபோது நீட்சி எழுதும் முறையே மாறியது. பழைய முறையில் எழுதியவை எல்லாம் அதில் ஓடவில்லை. பெங்களூரில் 2010-ல் உருவான எபிக் உலாவியில் இந்திய மொழிகளில் எழுதும் வசதி உள்ளேயே இருந்தது. 2013-ல் அது பயர்பாக்ஸ் அடித்தளத்தை விட்டு குரோமியத்துக்கு மாறியது, அந்த வசதி போனது. 2025-ல் குரோம் பழைய வகை நீட்சிகளை நிறுத்தியபோது, விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் அதில் நின்றது, பயர்பாக்ஸில் தொடர்ந்தது. ஆகவே ஆட்-ஆன் என்பது இரவல் சாமான். எப்ப வேணும்னாலும் திரும்பப் போகும்.

உங்களுக்குத் தெரியுமா?

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2004-ல் கூகுளில் சேர்ந்து பார்த்த முதல் வேலைகளில் ஒன்று கூகுள் டூல்பார். அதுவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போன்ற உலாவிகளில் சேர்க்கும் ஒரு ஆட்-ஆன்தான். பிறகு அவர் பொறுப்பில் 2008 செப்டம்பரில் குரோம் என்ற தனி உலாவியே வந்தது.

ஆட்-ஆன் போடும் முன் பார்க்க வேண்டியவை

உலாவியின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். செய்தவர் யார், கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று பாருங்கள். பயர்பாக்ஸில் பரிந்துரை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். என்ன அனுமதி கேட்கிறது என்பதை வரி விடாமல் படியுங்கள். புரியாவிட்டால் பெரியவர்களிடம் கேளுங்கள். வேலை முடிந்தால் நீக்கிவிடுங்கள். முக்கியமா, அவசர வேலை இருக்கும் நாளில் உலாவியை மாத்தாதீங்க!

அடுத்த மாதம் குழுவின் தீர்மானத்தை நானே தமிழ் 99 முறையில் டைப் பண்ணிக் கொடுத்தேன். இடது கையில் உயிர், வலது கையில் மெய். பழகப் பத்து நாளாச்சு. அம்மா கையெழுத்துப் போடும் முன்னாடி ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தாங்க. ஒரே ஒரு எழுத்துப்பிழை.

யோசித்துப் பாருங்கள்: நீங்கள் உலாவியில் தினமும் பயன்படுத்தும் வசதிகள் எத்தனை? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணினி அறையில் சந்திப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி