கேப்டன் யார்? பந்தய விகிதத்தை எங்கே நம்பலாம், எங்கே விடலாம்

ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுபவருக்கு வாரம்தோறும் மூன்று கேள்விகள் வரும். யாரைக் கேப்டனாக்குவது, எந்தத் தடுப்பாட்டக்காரரை இறக்குவது, யாரை விற்று யாரை வாங்குவது. யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தப்பாகச் சொன்னால் கைக்காசு போகும் என்ற பயத்தோடு சொல்பவை பந்தய நிறுவனங்கள் மட்டும்தான். அவை போடும் ஆட்ஸை, அதாவது பந்தய விகிதத்தை, பார்த்து முடிவெடுக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் மூன்று கேள்விக்கும் அதையே நம்பினால் அடி வாங்குவோம்.

முதலில் வாசிக்கும் முறை. ஒரு வீரர் ஆட்டத்தில் எப்போதாவது கோல் அடிப்பார் என்பதற்கு 2.50 என்று போட்டிருந்தால், 1-ஐ 2.50-ஆல் வகுக்க வேண்டும். 40 சதவீதம். பிரிட்டிஷ் பாணியில் 6/4 என்று இருந்தாலும் அதே 40தான். ஆனால் இந்த எண்ணுக்குள் நிறுவனத்தின் லாபமும் ஒளிந்திருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு வெற்றி 1.80, சமன் 3.60, தோல்வி 4.50 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் சதவீதமாக்கிக் கூட்டினால் 105.6 வரும். நூறுக்கு மேல் இருப்பது அவர்கள் லாபம். அதை விகிதாசாரமாக நீக்கினால், அதாவது 55.6-ஐ 105.6-ஆல் வகுத்தால், வெற்றி வாய்ப்பு 55.6 அல்ல, 52.6. கோல் அடிப்பவர் பட்டியலில் இந்த லாபம் இன்னும் கனம், அதுவும் வாய்ப்புக் குறைந்த பெயர்கள் மேல்தான் அதிகம் ஏற்றுவார்கள். 15.00 போட்ட தடுப்பாட்டக்காரரைப் பார்த்து 6.7 சதவீதம் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம்.

இதற்காகப் பந்தயத் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, தொடங்கவும் கூடாது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. ட்ரீம்11 கூடக் கட்டணப் போட்டிகளை நிறுத்திவிட்டது. பிரீமியர் லீக் நடத்தும் ஃபேன்டசி இலவசம் என்பதால் அதற்குச் சிக்கல் இல்லை. நமக்கு வேண்டியது எண் மட்டும். பல ஃபேன்டசி அலசல் பக்கங்களே அதைச் சதவீதமாக மாற்றித் தருகின்றன.

எந்த விகிதத்தைப் பார்ப்பது? யார் ஜெயிப்பார் என்ற விகிதம்தான் கண்ணில் முதலில் படும், பயன் குறைந்ததும் அதுதான். 1-0 வெற்றியும் 4-0 வெற்றியும் அதற்கு ஒன்று. நமக்கு அப்படியா?

கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் கிளீன் ஷீட் விகிதம் பார்க்க வேண்டும். கோல் வாங்காமல் 60 நிமிடம் தாண்டினால் 4 புள்ளி. எதிரணி சராசரியாக 0.7 கோல் அடிக்கும் என்று பந்தயச் சந்தை கணித்தால், கிளீன் ஷீட் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம். 1 கோல் என்றால் 37, ஒன்றரை என்றால் 22. கண்ணால் ஆட்டம் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல எவராலும் முடியாது. கோல்கீப்பர் தேர்வுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

தடுப்பாட்டக்காரர் விஷயத்தில் 2025-26 பருவத்திலிருந்து ஒரு திருகல். பந்தை விலக்குவது, மறிப்பது, இடைமறிப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்து பத்தைத் தொட்டால் 2 புள்ளி. இந்த வேலை யாருக்கு அதிகம் கிடைக்கும்? நாள் முழுக்க முற்றுகையில் நிற்கும் அணியின் நடுத் தடுப்பாளருக்கு. அதாவது கிளீன் ஷீட் விகிதம் மோசமாக உள்ள அணியிலேயே இந்தப் புள்ளிக்கு வாய்ப்புக் கூடுதல். ஆகவே விலை மலிவான நடுத் தடுப்பாளரை விகிதம் பார்த்து உட்கார வைப்பதற்கு முன் அவருடைய கடந்த ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பக்கவாட்டுத் தடுப்பாளருக்கு விகிதமே போதும்.

கேப்டன் தேர்வுக்குக் கோல் விகிதம்தான். அங்கேயும் பட்டியலில் முதல் பெயரை அப்படியே எடுக்கக் கூடாது. முன்கள வீரர் ஒருவருக்கு 40 சதவீதம், நடுக்கள வீரர் ஒருவருக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோல், மூன்று கோல் அடிக்கும் வாய்ப்பையும் சேர்த்தால் எதிர்பார்ப்பு முறையே 0.51 கோலும் 0.43 கோலும். ஃபேன்டசியில் முன்கள வீரரின் கோலுக்கு 4 புள்ளி, நடுக்கள வீரருக்கு 5. பெருக்கினால் 2.04-க்கு எதிராக 2.15. போதாததற்கு நடுக்கள வீரருக்குக் கிளீன் ஷீட்டுக்கும் 1 புள்ளி உண்டு. பந்தயக்காரர் கண்ணில் இரண்டாமவர் நமக்கு முதலாமவர். 2024-25இல் சாலா 344 புள்ளி குவித்துச் சாதனை படைத்ததில் அவருடைய 29 கோல், 18 அசிஸ்ட்டோடு நடுக்கள வீரர் என்ற முத்திரைக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பொறி இதைவிட ஆழமானது. வீரர் களத்துக்கே வராவிட்டால் அவர் மேல் கட்டிய கோல் பந்தயம் பொதுவாக ரத்தாகி, பணம் திரும்பிவிடும். ஆகவே அந்த விகிதம் சொல்வது ‘இறங்கினால் அடிப்பாரா’ என்பதைத்தான். ‘இறங்குவாரா’ என்பதை அல்ல. ஃபேன்டசியில் கேப்டன் வராமலே போனால்கூடப் பரவாயில்லை, துணைக் கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி போய்விடும். கடைசிப் பத்து நிமிடம் இறங்கினால்தான் வினை. 1 புள்ளி, இரட்டித்தால் 2, துணைக் கேப்டனும் உதவிக்கு வர முடியாது. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடி ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் பெரிய அணிகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கெடு வேறு, அந்த வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆடும் வீரரின் விகிதம் அதற்குப் பிறகும் இரண்டு நாள் அசைந்துகொண்டிருக்கும். மேலாளரின் வெள்ளிக்கிழமைப் பேட்டியை இங்கே விகிதத்துக்கு மேலே வைப்பேன்.

வாங்கல் விற்றலுக்கு விகிதம் கிட்டத்தட்ட ஊமை. அது பேசுவது அடுத்த ஆட்டத்தைப் பற்றி. நாம் வாங்குவது ஐந்தாறு வாரத்துக்கு. பருவம் முழுவதற்குமான விகிதம் இருக்கிறதே என்றால், 2015-16இல் லெஸ்டர் பட்டம் வெல்வதற்கு அது 5000-க்கு 1, வென்றதோ லெஸ்டர்தான். அந்த அணியின் மஹ்ரெஸ் 55 லட்சம் பவுண்டு ஃபேன்டசி விலையில் தொடங்கி 240 புள்ளி எடுத்தார். 2023-24இல் 50 லட்சத்துக்குக் கிடைத்த கோல் பாமர் (Cole Palmer) 244 எடுத்தார். இந்த வேலைக்கு எதிர்பார்ப்புக் கோல் (xG) கணக்கும் ஆட்ட அட்டவணையும் மேல். ஒரே ஒரு விலக்கு: மலிவான வீரரின் கோல் விகிதம் திடீரென்று இறங்கினால் பெனால்டி அடிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்திருக்கலாம். விலை ஏறுமுன் விசாரித்துவிடுங்கள்.

விகிதத்தைப் பார்த்து 4 புள்ளியை இழந்து கூடுதல் ட்ரான்ஸ்ஃபர் செய்யத் துடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 25 சதவீதக்காரரை விற்று 40 சதவீதக்காரரை வாங்கினால், இருவரும் முன்கள வீரர்கள் என்றால், அந்த வாரத்தில் கோல் வழியாகக் கிடைக்கும் லாபம் சராசரியாக ஒரு புள்ளிகூட இல்லை.