எரிமலைத் தீவைப் படம் பிடிக்க அக்காவின் டிப்ஸ்

எரிமலைப் படம் என்றாலே இந்தோனேசியாவின் புரோமோ, ஐஸ்லாந்து என்று டிக்கெட் விலை பார்த்து மனம் தளராதே, தங்கச்சி. ஜொகூரின் குளுவாங்கிலிருந்து 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஜெமாலுவாங் போய் வடக்கே திரும்பினால் கடலோர மெர்சிங். வானம் தெளிந்திருந்தால் கடலில் கூம்பாக நிமிர்ந்து தெரியும் புலாவ் திங்கி. ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது என்று சொல்லப்படும் தீவு. இன்று உச்சிவரை காடு.

காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், படகை நம்ப முடியாது. அந்த மாதங்களில் குளுவாங்கின் 510 மீட்டர் குனோங் லம்பாக் மலையில் மூடுபனியை எடுத்துக் கை பழகு. மார்ச்சுக்குப் பிறகு தீவுக்குப் போ.

வெளிச்சம்: மெர்சிங் கரையிலிருந்து பார்த்தால் தீவு நமக்குக் கிழக்குப் பக்கம். காலை ஏழு மணியளவில் சூரியன் எழும்போது மலை கருநிழலாக மட்டுமே தெரியும். உருவம் வேண்டுமானால் அதுவே நல்ல நேரம். காட்டின் மடிப்புகள் வேண்டுமா? மாலை ஐந்துக்கு மேல் மேற்கு வெயில் விழும்வரை காத்திரு.

உருவம்: பழைய சீன மாலுமிகள் இந்தத் தீவைத் தளபதியின் தொப்பி என்று அழைத்தார்களாம். தொப்பிக்கு விளிம்பு முக்கியம். அதனால் மலையடிவாரத்தை வெட்டாதே. இருபுறமும் வெறுங்கடல் விடு.

அலை: முக்காலியை ஈரமணலில் நன்றாக அழுத்தி நிறுத்து. வெளிச்சத்தைக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் 1/30 விநாடி ஏறக்குறைய 30 விநாடியாக நீளும். அலையெல்லாம் பனிபோல் படிந்துவிடும், பாறை மட்டும் அசையாமல் நிற்கும். பிரிட்டிஷ் கலைஞர் மைக்கேல் கென்னாவின் கறுப்பு வெள்ளைக் கடற்படங்களைப் பார், பொறுமை என்ன செய்யும் என்று புரியும்.

கேமரா: ஏர்கான் அறையிலிருந்து எடுத்தவுடன் லென்ஸில் ஈரம் படியும். பையிலேயே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திற. உப்புத் துளியை உலர்ந்த துணியால் தேய்க்காதே, கண்ணாடி கீறிவிடும்; முதலில் ஈரத்துணியால் ஒற்றியெடு.

கடல்: தீவைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. எந்தப் படத்துக்காகவும் பவளத்தை மிதிக்காதே.

எடுத்ததை எல்லாம் கைப்பேசியில் தள்ளிவிட்டு மறக்காதே. மிகச் சிறந்த ஒன்றை மட்டும் பளபளப்பில்லாத பருத்தித் தாளில் பெரிதாக அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டு. நம் பிள்ளைகள் முதலில் ஜொகூரின் மலையையும் கடலையும் பார்த்து வளரட்டும்.