தேன்கூட்டுத் தையல்

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டைக்குச் செல்லும் சாலை பழவேற்காடு ஏரியைக் கடந்து செல்கிறது. அவ்வேரியின் தென்கோடியில், தமிழ்நாட்டில், பழவேற்காடு என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கு டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் நெசவாளர் நெய்த பருத்தித் துணிகள் அத்துறைமுகத்திலிருந்து பல நாடுகளுக்குக் கப்பலேறின. வண்ணக் கைக்குட்டை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் இவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று.

கட்டம் போட்ட பருத்தித் துணிக்கும் இக்கரை பெயர் பெற்றது. அத்துணி, குழந்தைகளின் உடையில் இடப்படும் ஒரு கைத்தையலுக்கு மிகவும் ஏற்றது. அத்தையலின் பெயர் ஸ்மாக்கிங். துணியைச் சிறுசிறு மடிப்புகளாகச் சுருக்கி, அம்மடிப்புகளின் மேல் பூத்தையல் இடுவதே ஸ்மாக்கிங் ஆகும்.

இத்தையல் இங்கிலாந்தின் உழவரிடமும் ஆட்டிடையரிடமும் வளர்ந்தது. அவர்கள் அணிந்த தளர்வான மேலாடை ‘ஸ்மாக்’ எனப்பட்டது. உடலை ஒட்டிய சட்டை, குனிந்து நிமிர்ந்து வேலை செய்வோருக்குத் தடையாக இருக்கும். மிகவும் தளர்ந்த சட்டையோ கைவேலைக்கு இடையூறாகும். எலாஸ்டிக் இல்லாத அக்காலத்தில், மார்பிலும் மணிக்கட்டிலும் துணியைச் சுருக்கித் தைத்ததால் உடை உடலோடு பொருந்தியது. வேண்டியபோது விரிந்தும் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தையல் குழந்தைகளின் கவுனில் இடம்பெற்றது.

செய்முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். தைத்து முடித்த பகுதி 8 அங்குலம் இருக்க வேண்டுமாயின், ஏறத்தாழ 24 அங்குலத் துணி தேவை. துணியின் உட்புறத்தில் சம இடைவெளியில் புள்ளிகளை வரிசையாக இட வேண்டும். கட்டத் துணியில் புள்ளி வேண்டியதில்லை. கட்டங்களின் மூலைகளே புள்ளிகளாகும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நூல் ஓட்டி, எல்லா நூல்களையும் ஒருசேர இழுத்தால் துணி சீரான மடிப்புகளாக எழும். பின்னர் வெளிப்புறத்தில் அடுத்தடுத்த இரண்டு மடிப்புகளைச் சேர்த்துத் தைக்க வேண்டும். அடுத்த வரிசையில் அவற்றுள் ஒன்றை அதன் மறுபக்கத்து மடிப்போடு சேர்க்க வேண்டும். இவ்வாறு மாறிமாறித் தைத்தால் தேன்கூட்டின் அறைகள் போன்ற வடிவம் தோன்றும். இதன் பிறகே கவுனின் மற்றப் பகுதிகள் இணைக்கப்படும்.

குழந்தையின் உடல் ஒரே ஆண்டில் வெகுவாக வளர்கிறது. அளவெடுத்துத் தைத்த சட்டை சில மாதங்களிலேயே இறுக்கமாகிவிடுகிறது. தேன்கூட்டுத் தையல் இட்ட கவுனோ மார்பு அகலும்போது தானும் விரிகிறது. தமிழ்நாட்டுத் தாய்மார் பாவாடையில் ‘டக்’ பிடித்துத் தைப்பதும் இக்கருத்தினாலேயே ஆகும். பெண் வளர வளர, ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிடுவர். பாவாடை நீளத்தில் வளர்கிறது. கவுன் அகலத்தில் வளர்கிறது. இரண்டிலும் துணி வெட்டி வீணாக்கப்படாமல் வளர்ச்சிக்காகச் சேமித்து வைக்கப்படுகிறது. அக்காளுக்குச் சிறிதான உடை தங்கைக்கும் பயன்படுகிறது.

பூத்தையல் முடிந்ததும், முதலில் ஓட்டிய நூல்கள் அனைத்தும் உருவப்பட்டுவிடும். மடிப்புகளைச் சீராக அமைத்தவை அந்நூல்களே. ஆயினும் முடிந்த உடையில் அவற்றின் தடயமே இராது. கடையில் கவுனின் விலையைக் கேட்பவர் கண்ணில் படுவது கையகல வேலைப்பாடு மட்டுமே. மும்மடங்குத் துணியும், எண்ணி எண்ணி இட்ட புள்ளிகளும், உருவப்பட்ட நூல்களும் அதனுள் மறைந்திருக்கின்றன. அவற்றையும் எண்ணிப் பார்ப்பவரே கைத்தொழிலாளரின் உழைப்புக்கு உரிய விலையை மனமுவந்து கொடுப்பர்.

சொற்பொருள்

தென்கோடி – தெற்கு எல்லை
கப்பலேறின – கப்பலில் அனுப்பப்பட்டன
உருவுதல் – இழுத்து எடுத்தல்
தடயம் – அடையாளம்

பயிற்சி

1. உழவர்க்கு ஸ்மாக் உடை ஏற்றதாக இருந்தது ஏன்?
2. கட்டத் துணியில் புள்ளி இட வேண்டாதது ஏன்?
3. முடிந்த தையல் 6 அங்குலம் இருக்க எவ்வளவு துணி தேவை?
4. ‘பாவாடை நீளத்தில் வளர்கிறது, கவுன் அகலத்தில் வளர்கிறது.’ விளக்குக.
5. வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டறிந்து, அவர்தம் இளமையில் கையால் தைத்த உடை ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.