“இன்ஜெக்டர் போச்சு சார்!” என்றால்... பர்ஸைத் திறக்குமுன் பத்து குறிப்புகள்

ஏற்காடு மலைப்பாதையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவு. ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் திணறியது; காலை எடுத்தால் சரியாகிவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு, மெதுவாக இறங்கி ஊர் வந்து சேர்ந்தோம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். “நாலு இன்ஜெக்டரும் போச்சு சார்.” நாலையும் மாற்றினோம். அடுத்த மாதம் அதே மலை, அதே திணறல். அந்தச் செலவில் கற்றுக்கொண்டவைதான் இவை. சாதாரண எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும். டீசல் கார் வைத்திருப்பவர்கள் எட்டாம் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள்.

1. முதல் சோதனைக்குக் காது போதும். தெரு அடங்கிய நேரத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு, மூன்று விநாடிக்கு ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல் கேட்கும். அதுதான் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்தது ரிலே. அதே எண் போட்ட ஹாரன் ரிலே பக்கத்திலேயே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். புது ஃபியூஸும் எரிந்தால் வயரில் எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். பெரிய ஆம்பியர் ஃபியூஸைச் செருகிச் சமாளிக்க நினைக்காதீர்கள். பெட்ரோல் டேங்குக்குப் போகும் வயர் அது.

2. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகுதான் வண்டி பிடிக்கிறதா? சாவியை ஆன் செய்து மூன்று விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு செல்ஃப் அடியுங்கள். சட்டென்று பிடித்துக்கொண்டால், லைனில் நிற்க வேண்டிய பிரஷர் இரவோடு இரவாக வடிந்துவிடுகிறது என்று பொருள். காரணம் பம்பிலுள்ள செக் வால்வாக இருக்கலாம், சொட்டும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் இன்ஜெக்டர் மேல் சந்தேகப்படுங்கள்.

3. வண்டி ‘மிஸ்ஸிங்’ அடித்தால் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் உள்ள வண்டியென்றால், மிஸ் ஆகும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர் நிரபராதி.

4. இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்பதையும் காதாலேயே அறியலாம். இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக்கொள்ளுங்கள். தையல் மெஷின் போல ‘டிக் டிக் டிக்’ என்று சீராகக் கேட்க வேண்டும். நாலையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். ஒன்று மட்டும் மந்தமாகவோ ஊமையாகவோ இருந்தால் அங்கேதான் விஷயம். துப்பட்டா, வேட்டி நுனி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது. சத்தம் வந்தாலே இன்ஜெக்டர் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம்; ஊசி திறந்து மூடும், ஆனால் துளையில் அடைப்பு இருக்கலாம்.

5. ஊமை இன்ஜெக்டரைக் கழற்றுமுன் வயரைப் பாருங்கள். மழைக்காலத்தில் சூடான பானெட்டுக்குள் எலி குடியேறுவது நம் ஊரில் வழக்கம்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் தேங்காய்த் துண்டோ வாழைப்பழத் தோலோ கிடந்தால், கடிபட்ட வயரும் அங்கே எங்காவது இருக்கும். வயர் சரியென்றால் இன்ஜினை அணைத்து, கனெக்டரை உருவி, இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். பெரும்பாலான கார்களில் 12 முதல் 16 ஓம் காட்டும். நாலில் மூன்று ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் வெகுவாக விலகியும் இருந்தால், அந்த ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நாலையும் அல்ல.

6. ஆயில் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எங்கிருந்தோ கசியும் பெட்ரோல் ஆயிலை நீர்க்க வைக்கிறது, பேரிங் தேய்ந்துபோகும்.

7. ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதில் பி0201 முதல் பி0204 வரையிலான கோடு எண் வந்தால் இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0172 அதற்கு நேர் எதிர். பலர் கோடு எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான துப்பு ‘ஃபியூயல் ட்ரிம்’ என்ற கணக்கில் இருக்கிறது. குழம்பில் உப்பு குறைந்தால் நாம் கூட்டிப் போடுவது போல, இன்ஜினின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதைச் சொல்லும் சதவீதம் அது. கூட்டலோ கழித்தலோ 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது +20 காட்டி, 2,500 ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் செய்ததும் இறங்கினால், ஏதோ ஒரு ஹோஸ் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. மாறாக, ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க எண் ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை: ஃபில்டர், பம்ப், பிரஷர் இவற்றில் ஒன்று.

8. பிரஷர் கேஜ் மாட்டுவது மெக்கானிக்கின் வேலை. என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். சாவி ஆன் செய்ததும் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து எவ்வளவு? பெரும்பாலான எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் ஓடும்போது ஏறக்குறைய 3 முதல் 4 பார் இருக்கும். உங்கள் மாடலின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். லைனைக் கழற்றுமுன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானே அணையும்வரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீச்சியடிக்கும். காமன் ரெயில் டீசலில் இருப்பது 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போல்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது அது. நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களிலும் கைவைக்க வேண்டாம்.

9. எங்கள் காரின் நோய் கடைசியில் பிடிபட்டது ஒரு வயரிங் கடையில். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப் கனெக்டரில் 10.4 தான். பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தால், எர்த் பின் கருகி, சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது. சமதளத்தில் அந்த அரைகுறை மின்சாரத்திலேயே பம்ப் சமாளித்திருக்கிறது; மலை ஏறும்போது இன்ஜின் கேட்ட பெட்ரோலை அதால் அனுப்ப முடியவில்லை. ஆகவே பம்பை மாற்றச் சொன்னால், “வோல்டேஜ் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

10. ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டாதீர்கள். பம்பைக் குளிர்விப்பதே டேங்கில் உள்ள பெட்ரோல்தான். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் இன்னும் கவனம்: இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் லேசான படிவுக்கு உதவலாம். கருகிய வயருக்கு உதவாது.

மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். என் பழைய இன்ஜெக்டர்கள் நாலையும் பின்னாளில் ஒரு கடையில் சோதனை பெஞ்சில் மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். நாலு கண்ணாடிக் குழாயிலும் திரவம் ஒரே மட்டத்துக்கு ஏறி நின்றது.